எபாக்சி ஏற்றும் வேலைக்கு என்னென்ன சாமான் வேண்டும்? பம்பைக் கடைசியில் வாங்குங்கள்

கான்கிரீட் விரிசலில் எபாக்சி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) ஏற்ற எந்த பம்பு வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: ரெசின் (கலந்த எபாக்சியையும் நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) உள்ளே போகுமா, வெளியே வழியுமா என்பது விரிசல் வாயைப் பேஸ்டால் மூடும் மேல்பூச்சு, ரெசின் நுழையும் வாசலான நாசில், உள்ளே தங்கிய தூசி ஆகிய மூன்றின் கையில் இருக்கிறது. பெரிய பம்பு வைத்துக்கொண்டு மேல்பூச்சில் கஞ்சத்தனம் பார்த்தால் பூச்சு பிய்ந்து ரெசின் சுவர் முழுக்க வழியும். சின்னச் சாமான்களைச் சரியாக வைத்திருப்பவர் கையால் அழுத்தும், துப்பாக்கி மாதிரியான கன்னை வைத்தே விரிசலை நிரப்பிவிடுவார். அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே சாமான்களைச் சொல்கிறேன்.

விரிசலைப் படிக்க

முதல் சாமான் விரிசல் அளக்கும் அட்டை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் 0.1 மி.மீ., 0.2 மி.மீ. என்று வெவ்வேறு தடிமனில் கோடு அச்சடித்திருக்கும். விரிசலின் மேல் வைத்து, எந்தக் கோடு அதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அகலம். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகராதீர்கள். விரிசல் நெடுக அளந்து, அந்தந்த இடத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். ரெசின் ஏற்றும்போது இந்த எண்கள்தான் வழிகாட்டும். நல்ல சன்னமான எபாக்சி 0.05 மி.மீ. விரிசலுக்குள்ளும் போகும். அந்த அளவுக்கு வரும்போது பொறுமை நிறைய வேண்டும்.

அடுத்து, விரிசல் இன்னும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு பிளாஸ்டிக் தகடு, ஒன்றில் கட்டம், மற்றொன்றில் குறுக்குக் கோடு, இப்படி ஒரு கருவி கிடைக்கும். விரிசலின் இரு பக்கமும் ஒட்டிவிட்டு, காலையிலும் மதியத்திலும் சில வாரங்களுக்குக் குறித்து வாருங்கள். அது கையில் இல்லையென்றால் விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிவைத்தால் நீளம் வளர்வதாவது தெரியும். அசையும் விரிசலில் எபாக்சி ஏற்றாதீர்கள். இழுவிசையில் கான்கிரீட் 2 முதல் 4 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும். எபாக்சி அதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஒட்டிய இடம் அப்படியே நிற்கும், பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் விழும்.

விரிசல் கம்பியோடு ஒட்டி நேராக ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். அதில் எபாக்சி ஏற்றுவது நோயை மூடிவைப்பது. மேல் கான்கிரீட்டை உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்வதுதான் வழி. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் விரிசலுக்குப் பாலியூரித்தேன் (தண்ணீர் பட்டதும் நுரைத்து இறுகும் ரெசின்) வேண்டும். ஈரப்பதம் மட்டும் இருந்தால், ஈரத்திலும் ஒட்டும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லும் எபாக்சியைத் தேடி வாங்குங்கள். தூண், பீம் போன்ற சுமை தாங்கும் உறுப்பு என்றால் விரிசல் ஏன் வந்தது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் கை வைக்கக் கூடாது.

தூசி

வயர் பிரஷ், வாக்யூம் கிளீனர், எண்ணெய் கலக்காத காற்று தரும் கம்ப்ரசர். இவ்வளவு போதும். விரிசலின் இரு பக்கமும் 50 மி.மீ. அளவுக்குப் பெயின்ட், பூச்சு, பாசி எல்லாவற்றையும் எடுத்துக் கான்கிரீட் முகத்தைக் காட்ட வேண்டும். கிரைண்டர் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அரைத்த மாவு விரிசலின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். கிரைண்டர் கட்டாயம் என்றால், ஒருவர் கிரைண்டரைப் பிடிக்க இன்னொருவர் பக்கத்திலேயே வாக்யூம் பிடிக்க வேண்டும். விரிசலை வி வடிவத்தில் வெட்டிவிட்டு நாசில் வைப்பவர்களும் உண்டு. வாய் உடைந்து நொறுங்கியிருந்தால் ஒழிய எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அடைப்புதான் மிச்சம்.

கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்ச நேரம் ஊதிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகக் கறை பட்டால் வடிகட்டியை மாற்றாமல் அந்தக் காற்றை விரிசலில் விடாதீர்கள். எண்ணெய் பட்ட முகத்தில் எபாக்சி ஒட்டாது. முதலில் வாக்யூமால் உறிஞ்சுங்கள், அப்புறம் ஊதுங்கள். முதலிலேயே ஊதினால் தூசி இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

நாசிலா, பேக்கரா

ரெசின் உள்ளே போகும் வாசல் இரண்டு வகை. மேலே ஒட்டுவது நாசில், துளை போட்டு இறுக்குவது பேக்கர்.

விரிசல் வாய் தெளிவாகத் தெரிந்து, உள்ளே சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் எனக்கு நாசில்தான் பிடிக்கும். துளை இல்லை, தூசி இல்லை, கம்பியில் இடிக்கும் பயமும் இல்லை. ஒட்டும்போது அதன் ஓட்டை சரியாக விரிசலின் மேல் உட்கார வேண்டும், பேஸ்ட் அந்த ஓட்டையை அடைத்துவிடக் கூடாது. அதற்குத் தலையில்லாத சன்னமான ஆணிகள் கொஞ்சம் சட்டைப் பையில் வைத்திருங்கள். நாசில் வரவேண்டிய இடத்தில் ஆணியை விரிசலுக்குள் லேசாகச் செருகுங்கள். நாசிலின் அடித்தட்டில் ஓரமாக வளையம்போலப் பேஸ்ட் தடவி, ஆணி ஓட்டை வழியே வரும்படி இறக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ்ட் உள்பக்கமாக நகரும், ஆனால் ஆணி நிற்பதால் வழி மூடாது. பேஸ்ட் கொஞ்சம் இறுகியதும் ஆணியைத் திருகி உருவிவிடுங்கள். அரை நிமிட வேலை, ஆனால் மறுநாள் அடைந்த நாசிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நாசில்களின் இடைவெளிக்கு எளிய கணக்கு, உறுப்பின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு. 200 மி.மீ. சுவரில் 200 மி.மீ.க்கு ஒன்று. ரெசின் பக்கவாட்டில் பரவும் அதே அளவு ஆழத்திலும் பரவும் என்ற எண்ணத்தில்தான் இந்தக் கணக்கு. அடுத்த நாசிலில் ரெசின் எட்டிப் பார்க்கும்போது ஏறக்குறைய பின்முகம் வரை போய்ச் சேர்ந்திருக்கும். நெருக்கி வைத்தால் என்ன ஆகும்? மேலோட்டமாகப் பரவி அடுத்த வாசலில் வந்துவிடும், நீங்களும் நிரம்பிவிட்டது என்று நம்பி மூடிவிடுவீர்கள். சுவரின் இரு முகமும் கைக்கு எட்டினால் பின்பக்கத்திலும் நாசில் வையுங்கள். முன்பக்க நாசில்களுக்கு நடுவே வரும்படி மாற்றி வைத்தால் ரெசின் மறுபக்கம் வந்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

விரிசல் வாய் அடைந்திருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, உறுப்பு மிகத் தடிமனாக இருந்தாலோ பேக்கர். விரிசலின் பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் துளை போட்டு, தடிமனின் நடுவில் விரிசலை வெட்ட வேண்டும். 200 மி.மீ. சுவர் என்றால் விரிசலிலிருந்து 100 மி.மீ. தள்ளித் தொடங்கினால் சாய்வாக 141 மி.மீ. போனதும் விரிசலைத் தொடும். இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். விரிசல் உள்ளே நேராகத்தான் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஒரு துளை இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். துளைக்கும் முன் கம்பி இருக்கும் இடத்தைக் கருவி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னழுத்தக் கான்கிரீட்டில் (உள்ளே எஃகு கேபிளை இழுத்து இறுக்கியது), கேபிள் எங்கே போகிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடவே கூடாது. வாக்யூமோடு இணையும் உள்ளீடற்ற டிரில் பிட் கிடைத்தால் அதுவே நல்லது, துளைத்த மாவு விரிசலை அடைக்காது. சாதாரண பிட் என்றால் ஒவ்வொரு துளையையும் உறிஞ்சி, பிரஷ் விட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும்.

பேக்கரில் கவனிக்க வேண்டியது அதன் ரப்பர். நட்டை இறுக்கும்போது ரப்பர் பிதுங்கித் துளையைப் பிடிக்கும். பழைய ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தத்தில் பேக்கர் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. எல்லா பேக்கரிலும் வால்வு முனையை முதலிலேயே மாட்டிவிடாதீர்கள். திறந்திருந்தால்தான் காற்று வெளியேறும், ரெசின் வருவதும் தெரியும்.

மேல்பூச்சு, இந்த வேலையின் உயிர்

விரிசல் வாயை மூடும் பேஸ்ட் வழியாத கெட்டியான எபாக்சியாக இருக்க வேண்டும். விரிசலின் இரு பக்கமும் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். நாசிலின் அடியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மேடாக. விரிசல் முடிகிற மாதிரி தெரியும் நுனியோடு பூச்சை நிறுத்தாமல் ஒரு சாண் தள்ளிப் போய் நிறுத்துங்கள், கண்ணுக்குத் தெரியாத பகுதி அங்கே இருக்கும். தளத்தில் விரிசல் என்றால் அடிப்பக்கத்தையும் மூட வேண்டும். மேலே மட்டும் மூடி ஏற்றினால் அத்தனை ரெசினும் கீழ் அறையில் சொட்டும்.

பேஸ்ட் காய நேரம் கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. குளிரில் இது ஒரு இரவுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு ஏற்றிப் பூச்சு பிய்ந்தால், ரெசின் பட்ட முகத்தில் மறுபடி பேஸ்ட் ஒட்டவைப்பது பெரிய பாடு.

பூச்சு காய்ந்த பிறகு, ரெசினைக் கலக்கும் முன், காற்று விட்டுப் பாருங்கள். ஒரு நாசிலில் மென்மையாகக் காற்றை விட்டு, அடுத்த நாசிலின் வாயருகே ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். நூல் ஆடினால் இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. ஆடவில்லை என்றால் அந்த இடத்தைச் சுவரிலேயே குறியுங்கள், அங்கே நடுவில் இன்னொரு நாசிலோ பேக்கரோ தேவைப்படும். பூச்சில் எங்காவது உஸ்ஸென்று சத்தம் கேட்டால் அங்கே ஓட்டை. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, நான் எந்த வேலையிலும் இதை விடுவதில்லை.

ரெசினும் தராசும்

சுமை தாங்கும் விரிசலுக்கு ஏ.எஸ்.டி.எம். சி881 என்ற அமெரிக்கத் தரத்தில் நான்காம் வகை ரெசின் என்று கேட்பார்கள். அதில் முதல் கிரேடு சன்னமானது, பாகுநிலை (திரவம் எவ்வளவு கெட்டி என்ற அளவு) 2,000 சென்டிபாய்ஸுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் பார்த்தால் ஈ.என். 1504 தரத்தின் ஐந்தாம் பகுதி. ஆனால் மெல்லிய விரிசலுக்கு 2,000 மிக அதிகம். தண்ணீர் 1 சென்டிபாய்ஸ். விரிசலுக்கென்றே வரும் பல ரெசின்கள் 100 முதல் 500 வரை இருக்கும், ஆமணக்கெண்ணெயைவிடச் சன்னம். அகலமான விரிசலுக்கு வேண்டுமென்றே கெட்டியான ரெசினை எடுப்பேன், சன்னமானது பின்பக்கம் ஓடிவிடும்.

எவ்வளவு வாங்குவது? நீளம், ஆழம், அகலம் மூன்றையும் பெருக்குங்கள். 3 மீட்டர் நீளம், 200 மி.மீ. ஆழம், 0.5 மி.மீ. அகலம் என்றால் 300 மில்லி. ஹோஸில் தங்குவது, கப்பில் ஒட்டுவது, கிளை விரிசலில் போவது எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு கையில் இருக்கட்டும். இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. 300 மில்லி போக வேண்டிய இடத்தில் 60 மில்லியோடு நின்றுவிட்டால், நிரம்பவில்லை, எங்கோ அடைத்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கையால் கலப்பவருக்கு ஒவ்வொரு கிராமையும் காட்டும் தராசு கட்டாயம். டப்பாவில் 2:1 என்று இருந்தால் அது கன அளவா, எடையா என்று படியுங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் வேறு என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. விகிதம் பிசகினால் ஒரு பகுதி என்றைக்கும் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். மெதுவாகக் கலக்குங்கள், வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழி சேரும். கப்பின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலந்து, அப்புறம் வேறு சுத்தமான கப்பில் ஊற்றி மறுபடி கலக்குங்கள். ஓரத்தில் கலக்காமல் நின்றதுதான் பல வேலைகளைக் கெடுத்திருக்கிறது.

எபாக்சி இறுகும்போது சூடாகும். ஒரே கப்பில் நிறைய இருந்தால் சூடு வெளியேறாமல் இன்னும் வேகமாக இறுகும், புகையக்கூடச் செய்யும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்த நேரத்தைக் கப்பிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டை அட்டையில் விட்டு, எண் போட்டு வையுங்கள். மறுநாள் அந்தச் சொட்டு கல்லாக இருந்தால் விரிசலுக்குள் போனதும் இறுகியிருக்கும் என்று நம்பலாம்.

சரி, இப்போது பம்பு

சின்ன வேலைக்கு இரட்டைக் குழல் கார்ட்ரிட்ஜும் அதற்கான கன்னும் போதும். முனையில் மாட்டும் கலக்குக் குழலுக்குள் முறுக்கு முறுக்காகத் தகடுகள் இருக்கும், ரெசினும் ஹார்டனரும் அதில் போகும்போதே கலந்துவிடும். முதலில் வருவதை ஒரு கப்பில் விடுங்கள், இரண்டு நிறமும் ஒன்றான பிறகுதான் நாசிலில் வைக்க வேண்டும். கலக்குக் குழல் உபரியாக நிறைய வாங்குங்கள். கொஞ்ச நேரம் நிறுத்தினால் உள்ளேயே இறுகிவிடும்.

மெல்லிய விரிசலுக்கு என் முதல் தேர்வு ஸ்பிரிங்காலோ ரப்பராலோ தானே அழுத்தும் ஊசிக் குழல். ரெசினை நிரப்பி நாசிலில் மாட்டிவிட்டால் குறைந்த அழுத்தத்தில் நீண்ட நேரம் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மெல்லிய விரிசலுக்கு அழுத்தத்தைவிட நேரம்தான் முக்கியம். குழல் காலியானால் இன்னொன்றை மாட்டுங்கள். குழலில் ரெசின் மிச்சமிருந்து நகராமல் நின்றால் அந்த இடம் குடித்து முடித்துவிட்டது.

அதற்கு மேல் பெரிய வேலை என்றால் கைநெம்பு பம்பு, இன்னும் பெரிதென்றால் இரண்டு திரவத்தையும் விகிதப்படி அளந்து தள்ளி முனையில் கலக்கும் பம்பு. விகித பம்பில் ஏற்றத் தொடங்கும் முன்பும் இடைவேளைக்குப் பிறகும் இரண்டு குழாயையும் தனித்தனிக் கப்பில் விட்டு, அளவு சரியாக வருகிறதா என்று பாருங்கள். அழுத்தமானி பம்பில் மட்டும் இருந்தால் போதாது, முனைக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும். ஹோஸ் நீளமாக இருந்தால் இரண்டும் காட்டும் எண் வேறு வேறாக இருக்கும்.

பேக்கரோடு வரும் மின்சார உயரழுத்த பம்பு நூறு பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் தரும். பாலியூரித்தேனுக்கு அது சரி. எபாக்சிக்கு அதை எடுப்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்வேன். விரிசலுக்குள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ரெசின் 2 பார் அழுத்தத்தில் நின்றால், அது கான்கிரீட்டைப் பிளக்கும் விசை 200 கிலோநியூட்டன். ஏறக்குறைய 20 டன் எடை. மெல்லிய தளத்திலும், உரிந்து நிற்கும் மேலடுக்கிலும் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டும் நாசிலில் நான் 1.5 முதல் 3 பார் வரைதான் போவேன்.

ஏற்றும்போது

செங்குத்து விரிசலில் அடி நாசிலில் தொடங்கி மேலே போங்கள், காற்று மேலே போக வழி கிடைக்கும். கிடை விரிசலில், பென்சிலால் எழுதிவைத்த எண்ணைப் பார்த்து அகலமான இடத்தில் தொடங்குங்கள். அடுத்த நாசிலில் ரெசின் முதலில் நுரையாக வரும். நுரை போய்த் தெளிவாக வந்த பிறகு அதை மூடுங்கள், ஆனால் உடனே முனையை மாற்றாதீர்கள். அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தம் கொடுத்து, ரெசின் போவது நின்ற பிறகு மேலே நகருங்கள். கடைசி நாசில் முடிந்ததும், ரெசின் இறுகும் முன் அடியிலிருந்து ஒரு சுற்று மறுபடி கொடுத்துப் பாருங்கள். பல சமயம் இன்னும் கொஞ்சம் குடிக்கும்.

“அண்ணே, ஏறிக்கிட்டே இருக்கு, மேல வரலண்ணே” என்று பையன் சொன்னால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: “நிறுத்துப்பா, பின்பக்கம் போய்ப் பாரு.” கணக்கைத் தாண்டி ரெசின் போகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. பின்பக்கம் மண் இருந்து பார்க்க வழியில்லையென்றால் கொஞ்சம் விட்டு, உள்ளே போனது கூழாகும்வரை காத்து, மீண்டும் மெதுவாகக் கொடுக்க வேண்டும், அல்லது கெட்டியான ரெசினுக்கு மாற வேண்டும். பூச்சில் சின்ன ஒழுகல் வந்தால் அடைக்க மெழுகுக் கட்டியும் சட்டென இறுகும் பேஸ்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கைக்கு நைட்ரைல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, துளைக்கும்போதும் அரைக்கும்போதும் சிலிக்கா தூசிக்கு ஏற்ற முகக்கவசம். எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க இருக்கும். அப்புறம் அந்த ஆள் இந்தத் தொழிலுக்கே வர முடியாது. என்னிடம் வேலை செய்பவர்கள் உறையில்லாமல் கப்பைத் தொட நான் விடுவதில்லை. தோலில் பட்டால் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அசிட்டோன் கருவிக்கு மட்டும், தோலில் தேய்த்தால் ரெசினை இன்னும் உள்ளே இறக்கும். அசிட்டோன் டப்பா அருகே நெருப்போ பொறியோ கூடாது.

முடிந்த பிறகு

25 டிகிரியில் முழு வலு வரப் பொதுவாக 7 நாள் ஆகும், குளிரில் இன்னும் கூடும். மேல்பூச்சை எடுக்கச் சூடு காற்று கன்னும் தட்டையான உளியும் போதும். சூடு பட்டதும் பேஸ்ட் இளகும், உளியை அடியில் விட்டால் நாடாவாக உரியும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் எபாக்சிக்கும் சூடு ஆகாது. புகையை மூச்சில் வாங்காதீர்கள்.

உள்ளே நிரம்பியதா என்பதற்கு 50 மி.மீ. கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுப்பதைவிட நேரான சாட்சி இல்லை. நன்றாக நிரம்பிய கோரை ஈரத் துணியால் துடைத்தால் விரிசல் முழு ஆழத்துக்கும் கண்ணாடிக் கோடாகப் பளபளக்கும். சரியாக ஏற்றாத வேலையில் அந்தக் கோடு மேலே விரலளவு வந்து, அப்புறம் சாம்பல் தூசியாக மாறும், கோரும் கையிலேயே இரண்டாகப் பிரியும். விரிசல் ஆழத்தில் 90 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது வழக்கமாகக் கேட்கும் அளவு. கோர் எடுக்கும் இடத்தையும் எண்ணிக்கையையும் பொறியாளரோடு முன்பே பேசி வையுங்கள். கம்பியை வெட்டாத இடமாகப் பார்த்து எடுத்து, அந்தத் துளையைச் சுருங்காத மார்ட்டரால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள். கோரை எறியாமல், எடுத்த இடத்தையும் தேதியையும் அதன்மேலேயே எழுதிக் கட்டட உரிமையாளரிடம் கொடுங்கள்.